பாலஸ்தீனக் கிராமங்கள்: போனவர்களும் பழகியவர்களும் சொல்வது

ரியாத்திலிருந்து

குண்டு விழும் நாளில்தான் பாலஸ்தீனம் நம் பேச்சில் வருகிறது. குண்டு விழாத நாளில் அங்கே ஒரு விவசாயக் குடும்பம் எப்படிப் பிழைக்கிறது என்பது எனக்கு வேலையிடத்தில்தான் தெரிந்தது. கேட்டதை எழுதுகிறேன். நேரில் போய்வந்தவர்கள் தொடருங்கள்.

என் பக்கத்து மேஜைக்காரர் மேற்குக் கரையைச் சேர்ந்தவர். 1967லிருந்து இஸ்ரேல் ராணுவத்தின் பிடியில் இருக்கும் பாலஸ்தீனப் பகுதி அது. கல்கிலியாவை ஒட்டிய ஒரு கிராமம். இருவருக்கும் கட்டுமானக் கம்பெனியில் குவாண்டிட்டி சர்வேயர் வேலை. கல்கிலியா கொய்யாவுக்குப் பேர்போன பகுதி. எலுமிச்சையும் ஆலிவும்கூட உண்டு. 2002ல் இஸ்ரேல் தடுப்புச் சுவர் கட்டத் தொடங்கியபோது இவர் கல்லூரி மாணவர். நாம் படங்களில் பார்க்கும் உயரமான கான்கிரீட் சுவர் நகரப்பக்கம்தான் இருக்கிறது. ஊர்ப்புறத்தில் அது கம்பிவேலி, முள்கம்பிச் சுருள், பள்ளம், ராணுவ ஜீப் ஓடும் சாலை என்று அகலமாகப் பரந்து கிடக்கும். இவர்கள் வீடு வேலிக்குக் கிழக்கே நின்றுவிட்டது, தோட்டம் மேற்கே போய்விட்டது. திட்டமிட்ட தடத்தில் சுமார் 85 விழுக்காடு மேற்குக் கரைக்கு உள்ளேயே போகிறது. அப்படிப் போவது சட்டத்துக்கு மாறானது என்று 2004 ஜூலையில் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது. வேலி இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது.

சொந்தத் தோட்டத்துக்குப் போக ராணுவ நிர்வாகத்திடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். வேலியில் ஓர் இரும்பு கேட் உண்டு. காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் திறப்பார்கள். உள்ளே போனவருக்கு நடுவில் உடம்புக்கு முடியாமல் போனாலும் அடுத்த முறை திறக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான். எழுபது வயது தாண்டிய அப்பாவுக்குச் சீட்டு கிடைத்தது. மரத்தில் ஏறிக் காய் பறிக்கக்கூடிய தம்பிக்கு மறுத்துவிட்டார்கள். என்ன காரணம் என்று கேட்டேன். சர்வேயர் இல்லையா, ஒரு தாளை எடுத்துக் கட்டம் போட்டே காட்டினார். தாத்தா பெயரில் இருக்கும் நிலத்தை வாரிசுகளுக்குள் பாகம் போட்டால் தம்பியின் பங்கு 330 சதுர மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. நம்மூர்க் கணக்கில் எட்டு சென்ட். அவ்வளவு சின்னத் துண்டில் விவசாயம் செய்யத் தேவை இருக்காது என்று ஒரு விதி போட்டிருந்தார்கள். குடும்பம் பாகமே பிரிக்காமல் சேர்ந்து உழுகிற நிலம் அது. வெளியாள் ஒருவர் காகிதத்தில் பாகம் பிரித்து, அதையே காரணமாக்கி வாரிசை வெளியே நிறுத்தினார்.

2023 அக்டோபரில் காசா போர் தொடங்கிய பிறகு அந்தச் சீட்டுக்கும் மதிப்பில்லாமல் போனது. பெரும்பாலான கேட்டுகளை மூடிவிட்டார்கள். அப்போது ஒருநாள் தம்பி வீடியோ காலில் வந்தார். வேலி ஓரமாக நின்று போன் கேமராவைப் பெரிதாக்கிக் காட்டினார். கொய்யா பழுத்து மஞ்சளாக உதிர்ந்து கிடந்தது தெளிவாகவே தெரிந்தது. நண்பர் போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். அன்று முழுக்க யாரிடமும் பேசவில்லை.

லீவில் இவர் ஊருக்குப் போவதும் ஒரு பெரிய கதை. மேற்குக் கரையில் விமான நிலையம் கிடையாது. டெல் அவிவ் விமான நிலையத்தைப் பயன்படுத்த இவர்களுக்குச் சாதாரணமாக அனுமதி இல்லை. அம்மானில் இறங்கி ஜோர்டான் நதிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். ஜோர்டான் சோதனை, இஸ்ரேல் சோதனை, பாலஸ்தீனச் சோதனை என்று மூன்று வாசல். அதன்பின் கிராமம்வரை ராணுவம் சாலையில் போட்டிருக்கும் கேட்டுகளில் எது திறந்திருக்கிறது என்று ஷேர் டாக்ஸி டிரைவர்களின் வாட்ஸ்அப் குழுவில் பார்த்துக்கொண்டே போக வேண்டும். வரைபடத்தில் நூறு கிலோமீட்டர் சொச்சம்தான். காலையில் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வீட்டு வாசல்.

பெர்லினிலிருந்து

ரியாத் நண்பர் சொன்னது வேலிக்கு அந்தப் பக்கம் போன நிலம். வேலியே இல்லாத இடத்தில் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். 2022 இலையுதிர் காலத்தில் மேற்குக் கரையில் நாப்லஸ் நகருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஆலிவ் அறுவடைக்குக் கைகொடுக்கப் போயிருந்தேன். ஊர்ப் பெயரைச் சொல்ல வேண்டாம். வீட்டுக்காரம்மாவை எல்லோரும் ஹஜ்ஜா என்று அழைப்பார்கள், நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னை "யா பின்தி" என்பார். என் மகளே.

அந்தக் குடும்பத்துக்கு வீட்டைச் சுற்றிச் சில மரங்கள். அவற்றை எப்போது வேண்டுமானாலும் பறிக்கலாம். நல்ல காய்ப்புள்ள பழைய மரங்கள் எல்லாம் எதிர் மலைச்சரிவில். அந்த மலையின் உச்சியில் சிவப்பு ஓட்டு வீடுகளோடு ஒரு குடியேற்றம், அதாவது மேற்குக் கரைக்குள் இஸ்ரேலியர்கள் வந்து கட்டிக்கொண்ட ஊர். அந்தச் சரிவுக்குப் போக ராணுவத்தோடு 'தன்சீக்' வேண்டும், அதாவது முன்கூட்டியே நாள் குறித்துக்கொண்டு போக வேண்டும். வருடத்தில் ஏர் ஓட்டச் சில நாள், பறிக்கச் சில நாள், அவ்வளவுதான். மழை பெய்து தூசி கழுவப்பட்ட பிறகு பறிப்பதுதான் வழக்கம். ஆனால் குறித்த நாளில் மழை வந்திருக்கிறதா, காய் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்றெல்லாம் பார்க்க முடியாது. நாளை விட்டால் மரத்தையும் விட வேண்டியதுதான்.

கவாத்து செய்ய முடியாததால் மரங்களுக்குள் போத்து மண்டிக் கிடந்தது. முட்டளவு காய்ந்த புல். ஏர் ஓட்டாத நிலத்தில் விளைச்சல் குறையும், தீ பிடித்தால் வேகமாகப் பரவும், இது எல்லோருக்கும் தெரிந்ததே. அங்கே இன்னொன்றும் நடக்கிறது. உதுமானியர் காலத்து 1858 நிலச்சட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு, தொடர்ந்து பயிரிடாத நிலத்தை 'அரசு நிலம்' என்று அறிவிப்பது 1980களின் தொடக்கத்திலிருந்து நடைமுறையாக இருக்கிறது. அப்படி அறிவித்து ஒதுக்கிக் கொடுத்த நிலம் பெரும்பாலும் குடியேற்றங்களுக்கே போயிருக்கிறது. ஆகவே ஒருவரை உழவிடாமல் தடுத்தால் அந்த வருட விளைச்சலோடு பட்டாவுக்கும் வேட்டு. ஹஜ்ஜாவின் மகன் இதைச் சொன்னபோதுதான் காய் இல்லாத வருடத்திலும் இவர்கள் ஏன் அந்தச் சரிவுக்குப் போகத் துடிக்கிறார்கள் என்று புரிந்தது.

விடியும்போது டிராக்டரில் கிளம்பினோம். மரத்தடியில் பெரிய தார்ப்பாயை விரித்தார்கள். சீப்பு போன்ற பிளாஸ்டிக் கைவாரியால் கிளையை வாரினால் காய்கள் தார்ப்பாயில் மழைபோலச் சடசடவென விழும். பிள்ளைகள் கீழே உட்கார்ந்து இலை பொறுக்குவார்கள். சுள்ளி மூட்டி, மரமிய்யா என்ற ஒரு மூலிகை இலை போட்டுத் தேநீர் வைத்தார் ஹஜ்ஜா. குடும்பத்தில் ஒரு கல்யாணம் போலத்தான் இருந்தது, பத்து மணிவரைக்கும்.

அதன்பின் மேலேயிருந்து நாலைந்து இளைஞர்கள் இறங்கி வந்தார்கள். முகத்தை மூடியிருந்தார்கள், இருவர் கையில் தடி. முதலில் கத்தினார்கள், பிறகு கல் வந்தது. எங்கள் டிராக்டரின் விளக்கு உடைந்தது. கொஞ்ச நேரத்தில் ராணுவ ஜீப் வந்தது. அப்பாடா என்று நினைத்தேன். அதிகாரி தன் போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். இந்தப் பகுதி இப்போதிலிருந்து 'மூடப்பட்ட ராணுவப் பகுதி', எல்லோரும் கிளம்புங்கள் என்றார். எல்லோரும் என்றால் நாங்கள். கல் எறிந்தவர்கள் மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குடியேறிகளின் வன்முறையைக் காரணம் காட்டி விவசாயிகளை அவர்கள் நிலத்திலிருந்து விலக்கக் கூடாது, பாதுகாப்புக் கொடுத்துப் பறிக்கவிட வேண்டும் என்று 2006லேயே இஸ்ரேலின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எங்களோடு வந்திருந்த இஸ்ரேலியர் ஒருவர், வயதான ரப்பி (யூத மதகுரு), அந்தத் தீர்ப்பின் நகலை உறையில் போட்டுக் கையோடு வைத்திருந்தார். அதிகாரி வாங்கிப் பார்க்கவில்லை. ரப்பி ஹீப்ருவில் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். அவர் குரல் நடுங்கியது இன்னும் காதில் இருக்கிறது.

ஹஜ்ஜா மட்டும் எழுந்திருக்கவில்லை. தார்ப்பாயை மடிக்கும்போது புல்லுக்குள் சிதறிய காய்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சிப்பாய் பக்கத்தில் வந்து நின்றான். அவர் தலையைத் தூக்கவே இல்லை. பொறுக்கி முடித்த பிறகுதான் எழுந்தார்.

அன்றிரவு அரைச் சாக்கும் காலுமாக இருந்ததை ஆலைக்குக் கொண்டுபோனோம். அறுவடைக் காலத்தில் எண்ணெய் ஆலை விடிய விடிய ஓடும். வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார் தோப்புக்கு எத்தனை நாள் கிடைத்தது, எங்கே எத்தனை மரத்தை வெட்டினார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள். குழாயில் முதல் எண்ணெய் பச்சையாகக் கலங்கி வந்தது. ஹஜ்ஜாவின் பேரன் ரொட்டியைப் பிய்த்து அதில் தோய்த்து என்னிடம் நீட்டினான். தொண்டையில் காரமாக இறங்கியது. தகரம் பாதிதான் நிரம்பியது. இந்த வருடம் விற்க இல்லை, வீட்டுக்கு மட்டும் என்று மகன் சொன்னார். ஆலிவை நம்பி 80,000 முதல் 1,00,000 குடும்பங்கள் இருப்பதாக ஐ.நா. சொல்கிறது. அந்தப் பாதித் தகரத்தைப் பார்த்த பிறகு அந்த எண்ணை என்னால் வெறும் எண்ணாகப் படிக்க முடிவதில்லை.

தூத்துக்குடியிலிருந்து

நான் திருப்பயணமாகப் போனவன். நம் ஊர்ப் பங்குகளிலிருந்து ஜோர்டான், எருசலேம், எகிப்து என்று போகும் குழுக்களைப் பலருக்கும் தெரிந்திருக்கும். பெத்லகேமுக்கு அரை நாள்தான் ஒதுக்குவார்கள். பேருந்து சோதனைச் சாவடியைத் தாண்டும், பிறப்பு ஆலயம், மேய்ப்பர் வயல், ஒலிவ மரச் சிற்பக் கடை, அதோடு திரும்பிவிடும். எங்கள் குழுவில் சிலர் மட்டும் ஒரு நாள் தங்கி, பெத்லகேமுக்குத் தென்மேற்கே நஹாலின் பக்கம் நாசர் குடும்பத்தின் பண்ணையைப் பார்த்தோம். வெளிநாட்டுத் திருச்சபைகளுக்கு நன்கு தெரிந்த பண்ணை அது.

தாத்தா 1916ல் வாங்கிய நிலம். உதுமானியர், பிரிட்டிஷார், ஜோர்டான் என்று ஒவ்வோர் ஆட்சியிலும் பதிவுசெய்த பத்திரம் கையில் இருக்கிறது. அப்படியும் 1991ல் அரசு நிலம் என்று அறிவித்தார்கள். அன்று தொடங்கிய வழக்கு முப்பது வருடத்தைத் தாண்டிவிட்டது. சுற்றிலும் உள்ள குன்றுகளில் குடியேற்றங்கள். வண்டிப் பாதையைப் பாறாங்கல் போட்டு மறித்திருந்ததால் இறங்கி நடந்தோம். கட்டடம் கட்ட அனுமதி கிடைக்காததால் குகைகளைச் செப்பனிட்டுக் கூடமாக வைத்திருக்கிறார்கள். குழாய்த் தண்ணீர் இல்லை, மழைநீர்த் தொட்டிதான். மின்சாரம் சூரியத் தகட்டில். 2014 மே மாதம் ராணுவ புல்டோசர் வந்து காய்த்து நின்ற பழமரங்களைப் பிடுங்கிப் போட்டது. அந்த இடத்தில் மறுபடி நட்ட கன்றுகளுக்கு நாங்களும் தண்ணீர் ஊற்றினோம்.

வாசலில் ஒரு கல். 'நாங்கள் பகைவராக இருக்க மறுக்கிறோம்' என்று பல மொழிகளில் எழுதியிருக்கிறது. எங்களோடு வந்த ஒரு சகோதரி அதைத் தொட்டு அழுதார். நல்ல வசனம் என்பதற்காக அல்ல. அதை எழுதியவர்கள் என்னென்ன இழந்த பிறகு எழுதினார்கள் என்று அப்போதுதான் கேட்டு முடித்திருந்தோம்.

மேய்ப்பர் வயலுக்குப் போகிற நம் மக்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கிருந்து கிழக்கே பாலைவனத்தை நோக்கி இறங்கும் சரிவுகளில் இன்றும் மேய்ப்பர்கள் இருக்கிறார்கள். அவர்கள் நிலைமை என்னவென்று வழிகாட்டியிடம் கேளுங்கள்.

லண்டனிலிருந்து

மேய்ப்பர்களைப் பற்றி நான் எழுதுகிறேன். எங்கட வீடு யாழ்ப்பாணத்தில் வலிகாமம் வடக்கு. 1990ல் வெளிக்கிட்ட நாங்கள் பல வருடம் எங்கட காணியை ராணுவக் கம்பிக்கு வெளியில் நின்றுதான் பார்த்தோம். அதனாலோ என்னவோ, தேவாலயம் ஒன்றின் மூலம் ஹெப்ரோனுக்குத் தெற்கே உள்ள மலைப்பகுதிக்குத் தொண்டராகப் போகச் சந்தர்ப்பம் வந்தபோது ஓம் என்றுவிட்டேன். அங்கே எங்கட வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. ஆட்களோடு கூட இருப்பது, நடக்கிறதைப் படம் எடுப்பது, எழுதி வைப்பது.

அந்த மலைப்பகுதியில் மசாஃபர் யட்டா என்பது சின்னச் சின்னக் குடியிருப்புகளின் கூட்டம். ஆடு வளர்ப்பவர்கள், பலர் குகைகளிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். 1980களின் தொடக்கத்தில் இஸ்ரேல் ராணுவம் இதில் பெரும்பகுதியை 918ஆம் இலக்கச் சுடுபயிற்சிப் பகுதி என்று அறிவித்தது. 1999ல் சனங்களை லொறியில் ஏற்றி அப்புறப்படுத்தினார்கள். 2000ஆம் ஆண்டு இஸ்ரேலின் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவோடு திரும்பி வந்தார்கள். 2022 மே 4 அன்று அதே நீதிமன்றம் அவர்கள் மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எந்த நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற நிலை.

துபா என்ற குடியிருப்பின் பிள்ளைகள் அத்-துவானியில் உள்ள பள்ளிக்கூடத்துக்கு நடந்து வருவார்கள். நேர்வழி ஒரு குடியேற்றத்துக்கும் அதன் அவுட்போஸ்ட்டுக்கும் (குடியேறிகள் அனுமதி வாங்காமல் பக்கத்தில் போட்ட சின்னக் குடியிருப்பு) இடையால் போகிறது. பிள்ளைகள் மேல் கல்லெறி கூடியதால் 2004 தொடக்கம் ராணுவ ஜீப் ஒன்று அவர்களுக்கு முன்னால் ஊர்ந்து போக வேண்டும் என்று ஏற்பாடு. ஜீப் வராத நாளில் பிள்ளைகள் மலையடிவாரத்தில் காத்து நிற்பார்கள், அல்லது மலையைச் சுற்றி நெடுந்தூரம் நடப்பார்கள். நான் கண்ட ஒரு சிறுமி, காத்திருக்கிற நேரத்தில் கல்லின்மேல் கொப்பியை வைத்து வீட்டுப்பாடம் முடிப்பாள். எப்பவும் அதே கல். அதில் பேனைக் கோடுகள் நிறைய இருந்தன.

தண்ணீர்ப் பாடு பெரிய பாடு. பக்கத்துக் குடியேற்றத்துக்குப் போகிற குழாய் இவர்கள் நிலத்துக்குள்ளாலேயே போகிறது, இவர்களுக்கு இணைப்பு இல்லை. ஊரார் தாங்களே கிடங்கு வெட்டி, வெளிநாட்டு உதவியோடு தண்ணீர்க் குழாய் போட்டார்கள். 2019 பிப்ரவரியில் ராணுவ நிர்வாகம் வந்து அதைத் தோண்டி அறுத்துப்போட்டது. பிறகு பவுசர் லொறியில் வருகிற தண்ணீர்தான். பாதை மோசம் என்பதால் விலை பல மடங்கு. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நூறு லீட்டர் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனக் கணக்கு. இணைப்பு இல்லாத இடங்களில் அதில் கால்வாசிதான் கிடைக்கிறது. நான் தங்கிய வீட்டில் சட்டி கழுவிய தண்ணீரை வடித்து ஆடுகளுக்கு வைப்பார்கள்.

மேற்குக் கரையில் சுமார் 60 விழுக்காடு, 1995ல் இஸ்ரேலும் பாலஸ்தீனத் தலைமையும் செய்த ஒப்பந்தப்படி 'சி' பகுதி. அங்கே முழு நிர்வாகமும் இஸ்ரேலிடம். கட்டட அனுமதி கேட்டால் கிடைப்பது மிக அரிது. அனுமதி இல்லாமல் கட்டினால் இடிப்பார்கள். கழிப்பறை, ஆட்டுக்கொட்டில், கூடாரம் எதுவாக இருந்தாலும் இதே கதைதான். ஒருமுறை அதிகாரி வந்து நோட்டீஸை ஒரு கல்லுக்குக் கீழே வைத்து, அதைப் படம் எடுத்துக்கொண்டு போனார். வீட்டுக்காரர் பத்தடி தூரத்தில்தான் நின்றார், கையில் கொடுக்கவில்லை. அவர் அந்தக் காகிதத்தை எடுத்து மடித்து, முந்தைய நோட்டீஸ்கள் இருந்த பிஸ்கட் டின்னுக்குள் வைத்தார்.

ஆனால் புல்டோசரைவிட இப்போது ஆட்களை விரட்டுவது ஆடுகள்தான். குன்றின்மேல் ஒரு குடும்பம், சில இளைஞர்கள், ஒரு பட்டி ஆடு. இவ்வளவு போதும் ஒரு மேய்ச்சல் அவுட்போஸ்ட்டுக்கு. அவர்கள் மந்தையைக் கிராமத்து வயலுக்குள், சில நேரம் முற்றத்துக்குள்ளேயே ஓட்டி வருவார்கள். கிராமத்து ஆட்கள் தங்கட மந்தையை வெளியே எடுத்தால் அடி. மேற்குக் கரையில் சுமார் 14 விழுக்காடு நிலம் இப்படி மேய்ச்சல் அவுட்போஸ்ட்டுகளின் பிடியில் இருப்பதாக இஸ்ரேலின் 'பீஸ் நவ்' அமைப்பு கணக்கெடுத்திருக்கிறது. மேய்க்க ஏலாததால் பார்லி வாங்கிப் போட வேண்டும். பார்லி வாங்க ஆட்டை விற்க வேண்டும். மந்தை பாதியானால் அந்த ஊரில் இருக்கவே காரணம் இல்லாமல் போகும். என்னோடு கதைத்த ஒரு மேய்ப்பர் தன்ர ஆடுகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் காட்டினார். பிறகு எவை எவை விற்றாயிற்று என்று வேறொரு பட்டியல் சொன்னார்.

பொலிஸுக்குப் போகலாமே என்று யாரும் கேட்கக்கூடும். பாலஸ்தீனர்களுக்கு ராணுவச் சட்டம், குடியேறிகளுக்கு இஸ்ரேலின் சிவில் சட்டம். புகார் கொடுக்கிற பொலிஸ் நிலையம் இருப்பது ஒரு குடியேற்றத்தின் ஓரத்தில். அடிபட்டவர் அந்த வாசலில் மணிக்கணக்காக நிற்க வேண்டும். 2005 தொடக்கம் இத்தகைய வழக்குகளைத் தொடர்ந்து பார்க்கிற இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான 'யெஷ் தின்', விசாரணைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் குற்றப்பத்திரிகை இல்லாமலே மூடப்படுகின்றன என்கிறது.

சனுதா என்ற ஊர் 2023 அக்டோபர் இறுதியில் முழுதாக வெளிக்கிட்டது. நீதிமன்றத்தில் வென்று 2024ல் திரும்பினார்கள், தொல்லை தாங்காமல் மறுபடி போனார்கள். 2025 ஜூலை 28 அன்று உம் அல்-கைரில் ஆங்கில ஆசிரியர் அவ்தா ஹதலீன், குடியேறி ஒருவர் சுட்டதில் இறந்தார். அவர் உடலைக் கேட்டு ஊர்ப் பெண்கள் உண்ணாவிரதம் இருக்க வேண்டி வந்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு நான் தங்கிய வீட்டுக்குப் போன் எடுத்தேன். அவர்கள் என்னைத்தான் சுகமா, சாப்பிட்டீரா என்று விசாரித்தார்கள்.

பெர்லினிலிருந்து, மறுபடியும்

அறுவடைக்கு நாங்களும் போகலாமா என்று தனியாகக் கேட்டவர்களுக்குச் சேர்த்துப் பதில். 2025 அக்டோபரில் மட்டும் 260க்கும் மேற்பட்ட குடியேறித் தாக்குதல்களை ஐ.நா. பதிவுசெய்தது. 2006ல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அதுவரை ஒரு மாதத்தில் இவ்வளவு வந்ததில்லை. அதே அறுவடையின்போது புரீன் கிராமத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தன்னார்வலர்களைப் பிடித்து நாட்டைவிட்டு வெளியேற்ற உத்தரவிட்டார்கள். ஆகவே தனியாகக் கிளம்பிப் போகாதீர்கள். பல வருடமாக அங்கே இயங்கும் அமைப்பு வழியாகவே போங்கள். தங்கும் வீட்டாரின் முகம், வீட்டு வாசல், ஊர்ப் பெயர் எதையும் படத்தோடு போட வேண்டாம், நாம் திரும்பிய பிறகும் அவர்கள் அங்கேதான் இருப்பார்கள். போக முடியாதவர்கள் பாலஸ்தீன விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களின் எண்ணெயை விற்கும் கடைகள் உங்கள் ஊரில் உண்டா என்று பாருங்கள். ஐரோப்பாவில் பல நகரங்களில் கிடைக்கிறது. வாங்கும்போது எந்த வருட அறுவடை என்று பாட்டிலில் பார்த்து வாங்குங்கள்.